துணி பிரிக்கும் கை

நம்ம குழுவின் தீர்மான நோட்டு மில் காகிதம். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், நசிந்து கிடந்த கைக்காகிதத் தொழிலுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. முன்னின்று நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய்க் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் புதுச்சேரி; அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959-ல் தொடங்கியது.

மரம் வேண்டாம், பருத்தித் துணி வெட்டு போதும். நறுக்கி, கூழாக்கி, தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளணும். கை சாய்ந்தால் தாள் ஒரு பக்கம் தடிக்கும். அள்ளுறவரைத்தான் எல்லாரும் வேடிக்கை பார்ப்பாங்க. எனக்கு அதற்கு முந்தின வேலைதான் பெரிசாத் தெரியுது: பித்தான், தையல், பாலியஸ்டர் எல்லாம் பிரிக்கிறது. ஒரு நைலான் நூல் தப்பினாலும் அரைபடாமல் தாளில் கோடாக நிற்கும். போன மாசம் தையல் கடைத் துணி ஒரு மூட்டை வாங்கி நாங்களும் பிரிச்சோம். சாயங்காலம் வரை உட்கார்ந்தும் சுத்தப் பருத்தி கால் மூட்டை தேறவில்லை. இந்த வேலைக்குக் கூலி எவ்வளவு போடறது? அடுத்த கூட்டத்தில் பேசணும்.