ஐயமும் தொட்டிலும்

கொள்ளைநோய் ஓர் ஊருக்குள் நுழையும்போது, கல்லறைத் தோட்டத்தை மட்டுமன்று, தொட்டிலையும் அது தொடுகிறது. தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் அண்மைக்கால வரலாறு இதனை நமக்கு உணர்த்துகிறது.

1985இல் அங்கே எய்ட்ஸ் நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் இழவு வீட்டுக்குச் சென்று வருவது சிற்றூர் மக்களின் அன்றாட வழக்கமாயிற்று. பரிசோதனை வசதி எட்டாத நிலையில், துணைவரின் நடத்தையையும் மெலிந்த உடலையும் ஊர்ப் பேச்சையும் கொண்டே அவர்கள் தம் நிலையைக் கணித்தனர். ரும்பி, மிச்சிஞ்சி, பலாக்கா ஆகிய மாவட்டங்களில் 1998இல் தொடங்கிய நெடுநாள் ஆய்வு, இந்த அச்சத்தின் அளவை வெளிப்படுத்தியது. தொற்றுள்ளவரோடு ஒரே ஒருமுறை கூடினாலும் கிருமி தவறாது தொற்றும் எனப் பலர் நம்பினர். உண்மையில் அவ்வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றே. 2004இல் அங்குப் பரிசோதனை நடந்தபோது, பத்தில் ஒருவருக்கும் குறைவானோரிடமே தொற்று இருந்தது. தமக்கும் இருக்கும் என்று அஞ்சியவர்களோ அவர்களினும் மிகப் பலர்.

அந்த அச்சம் குடும்பங்களை இரு வேறு திசைகளில் செலுத்தியது. கருவுற்றால் உடல் வலுவிழந்து சாவு விரைந்து வரும், பிறக்கும் பிள்ளையும் அநாதையாகும் என்று எண்ணிச் சிலர் மகப்பேற்றைத் தவிர்க்க விரும்பினர். உடலில் வலு இருக்கும்போதே பெற்றுவிட வேண்டும் என்று வேறு சிலர் விரைந்தனர். இளம்பெண்கள் பலருக்கோ பிள்ளையின்றித் தாய்மையும் மணவாழ்வும் நிறைவுபெறா. ஆகவே, தொற்று இருக்கிறதா இல்லையா என்று அறியாத ஐயமே, கிருமியைப் போலவே, பிறப்புகளின் காலத்தை மாற்றியது.

2004இல் மலாவி அரசு இலவச மருந்து வழங்கத் தொடங்கியது. தொற்றுள்ள கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் வாழ்நாள் முழுதும் மருந்து என்னும் திட்டத்தை 2011இல் உலகிலேயே முதலில் மேற்கொண்ட நாடும் அதுவே. மருந்தின்றேல் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து தொற்றைப் பெறக்கூடும். முறையான மருத்துவத்தால் அது ஐந்துக்கும் கீழே குறைகிறது. பிள்ளை வேண்டும் என்ற ஆசைக்கும் பிள்ளையைப் பற்றிய அச்சத்துக்கும் இடையே தவித்த தாய்க்கு, இங்கே ஒரு வழி திறந்தது.

ஏழை எளியோர் சிந்தியாமல் பிள்ளை பெறுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மலாவியின் தாய்மாரோ சாவையும் வாழ்வையும் எடைபோட்டே முடிவெடுத்தனர். அவர்கள் கையிலிருந்த எடைக்கல்தான் பிழையானது. அத்தகையோருக்கு நாம் தரவேண்டியது தீர்ப்பன்று. உண்மை நிலையை அறியும் வாய்ப்பும், அறிந்தபின் கைவிடாத துணையுமே.