தொழுநோயும் எச்.ஐ.வி.யும்: ஓர் அச்சத்தின் வரலாறு

1981ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு கூடித் தொழுநோய்க்குப் பன்மருந்துச் சிகிச்சையை விதந்துரைத்தது. அதே ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவில் எயிட்ஸ் நோயும் முதன்முதலாக இனங்காணப்பட்டது. பின்னர் எச்.ஐ.வி. தொற்று கசநோயைப் பெருகச் செய்தமையைக் கண்ட மருத்துவர்கள், அந்நோய்க் கிருமிக்கு உறவான தொழுநோய்க் கிருமியும் அவ்வாறே பெருகுமென அஞ்சினர். நியாயமான அச்சமே. எனினும் அத்தகைய பெருக்கம் நிகழவில்லை.

ஆபத்து வேறொரு திசையினின்று வந்தது. 1996ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்த எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துச் சேர்க்கைகள், நலிந்திருந்த நிர்ப்பீடனத்தை மீட்டெடுத்தன. மீண்ட நிர்ப்பீடனமோ, உடலில் அதுவரை அரவமின்றி உறைந்திருந்த தொழுநோய்க் கிருமிகளைத் தாக்கத் தொடங்கிற்று. தேமல்கள் சிவந்து வீங்கின, சிலரிடத்துப் புண்ணாகவும் உடைந்தன, நரம்புகள் அழற்சியுற்றன. இலண்டனில் சிகிச்சைபெற்ற உகண்டா நாட்டவர் ஒருவரிடம் கண்ட இந்நிலை 2003இல் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் விவரிக்கப்பட்டது.

உயிர்காக்கும் மருந்தை உட்கொண்ட சில மாதங்களிலேயே தோல் கொதித்தெழுந்தால், நோயாளி மருந்தையே ஐயுறுவார், அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் மருந்தை நிறுத்தினால் எச்.ஐ.வி. மீண்டும் தலைதூக்கும். அழற்சியைக் கவனியாது விட்டாலோ விரல்கள் மடங்கும், பாதம் தொங்கும், கண்ணிமை மூடாது போகும். ஆகவே இருநோய்க்குமான மருந்துகளைத் தொடர்ந்தவாறே, பிரெட்னிசொலோன் கொடுத்து அழற்சியைத் தணிப்பது வழக்காயிற்று. பிரெட்னிசொலோனோ நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து. அதனை நிர்ப்பீடனம் குன்றியவருக்கே மாதக்கணக்கில் கொடுக்கவேண்டியுள்ளது.