இசைத்தட்டின் வேகமும் தோடியின் சுருதியும்

காவிரிக் கரைக் கோயில் வீதிகளில் ஒலித்த நாதசுர இசையில் ஒரு சிறு பகுதி பழைய இசைத்தட்டுகளின் மூலம் நமக்குக் கிடைத்திருக்கிறது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) தோடி ஆலாபனை அவற்றுள் தலையாயது. இன்று அதனை வானொலியிலோ கைபேசியிலோ கேட்கும்போது உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். நாம் கேட்கும் சுருதியும் காலமும் அவர் வாசித்தவைதாமா? இதற்கு விடை காண இசையறிவோடு சிறிது பௌதிகமும் தேவை.

சுழற்சி மாறினால் என்ன மாறும்?

இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஒலியலைகள் நெளிவுகளாகப் பதிந்துள்ளன. ஊசி ஒரு வினாடியில் கடக்கும் நெளிவுகளின் எண்ணிக்கையே நாம் கேட்கும் ஒலியின் அதிர்வெண். தட்டு விரைந்து சுழன்றால் அதிர்வெண் உயரும். அதே விகிதத்தில் வாசிப்பும் விரைந்து முடியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 74 சுற்று வேகத்தில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓட்டுவதாகக் கொள்வோம். 78ஐ 74ஆல் வகுத்தால் 1.054 கிடைக்கும். எனவே எல்லா அதிர்வெண்களும் 5.4 சதவீதம் உயர்கின்றன. ஆர்மோனியத்தில் அரைக் கட்டை உயர்வு என்பது சுமார் 6 சதவீதம்தான். ஆகவே இரண்டரைக் கட்டைச் சுருதி ஏறக்குறைய மூன்று கட்டையாகிவிடும். 200 வினாடி வாசிப்பு 190 வினாடியில் முடிந்துவிடும். கமகங்களின் அசைவு பரபரப்பாகும். நாதத்தின் கனம் குறையும். கம்பீரமாக நடந்த ராகம் ஓட்டமும் நடையுமாகச் செல்லும்.

கலைஞரே காலத்தைக் கூட்டி வாசிப்பதும் உண்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதிய முடிந்தது. மணிக்கணக்கில் விரியும் ஆலாபனையை அதற்குள் சுருக்கியாக வேண்டுமே! ஆனால் கலைஞர் காலத்தைக் கூட்டினால் சுருதி மாறாது. இயந்திரம் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே மாறும். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுங்கள்.

செவி ஏன் ஏமாறுகிறது?

சுருதி உயர்ந்தாலும் தோடி தோடியாகவே இருக்கும். ராகத்தின் உருவம் சுரங்களுக்கு இடையிலுள்ள விகிதத்தில் இருக்கிறது. எல்லா அதிர்வெண்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதங்கள் மாறுவதில்லை. அதனால்தான் தேர்ந்த ரசிகரும் பிழையை எளிதில் உணர்வதில்லை.

ஆயினும் பிழை சிறிதன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் நூலில், ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதிகள் என்று வாதிட்டார். ஸ்தாயியை 24 சம பங்காக்கினால் ஒரு சுருதிக்குச் சுமார் 3 சதவீதம் வரும். 78 சுற்றில் இரண்டேகால் சுற்று பிசகினாலே பண்டிதரின் கணக்கில் ஒரு சுருதி பிசகிவிடும்!

வேகம் ஒழுங்குபடாத காலம்

1902 ஏப்ரலில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் இத்தாலியின் மிலான் நகரில் என்ரிகோ கரூசோவின் பாடல்களைப் பதிவு செய்தார். அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தவரும் அவரே. அந்நாளில் தட்டுகளின் வேகம் ஒரே அளவாக இல்லை. 70 சுற்றை ஒட்டியவையும், 80ஐத் தாண்டியவையும் இருந்தன. 1925இல் மின்முறைப் பதிவு வந்த பின்னரே 78 என்னும் அளவு படிப்படியாக நிலைபெற்றது.

அதன் பின்னும் கேட்பவர் வீட்டு இயந்திரம் பிசகலாம். சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் சுருள்வில் தளரத் தளரச் சுருதியும் இறங்கும். பிற்காலத்தில் தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கு மாற்றியபோது பிசகியிருந்தால் அப்பிழை நிலையாகத் தங்கிவிடும்.

இத்தாலிய இசைநாடகத் தட்டுகளைத் திருத்துவோருக்கு ஒரு வசதி உண்டு. பாட்டின் சுருதி அச்சிட்ட இசைக்குறிப்பில் இருக்கிறது. பாடகர் சுருதி மாற்றிப் பாடியிருந்தாலொழிய அதனோடு ஒப்பிட்டு வேகத்தைக் கணிக்கலாம். நம் இசையிலோ சுருதி கலைஞரின் விருப்பம். ஒப்பிட ஏடு இல்லை.

இராஜரத்தினம் இறக்கிய சுருதி

ஏடு இல்லாவிட்டாலும் நாதசுரத்தில் கருவியே சாட்சி சொல்லும். முன்னாளில் வழங்கிய திமிரி நாதசுரம் குட்டையானது. சுருதி மிக உயர்ந்தது. அதில் சுத்த மத்திமம் சரியாகப் பேசுவது அரிது. தோடிக்கோ சுத்த மத்திமம் இன்றியமையாதது. இராஜரத்தினம் பிள்ளையின் விருப்பப்படி, கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீண்ட பாரி நாதசுரத்தை உருவாக்கினார். குழல் நீண்டால் அதனுள் அதிரும் காற்றுத்தம்பமும் நீளும், சுருதி இறங்கும். இறங்கிய சுருதியில் நாதம் கனத்தது. சுத்த மத்திமம் தெளிந்தது. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு கலைஞரும் ஓர் ஆசாரியும் உழைத்துச் சுருதியை இறக்கினார்கள். தட்டை 5 சதவீதம் விரைவாக ஓட்டினால் அதில் அரைக் கட்டையை நாம் மீண்டும் ஏற்றிவிடுகிறோம். ராகபாவத்தில் குறை கண்டால் பழி கலைஞர் மேல் விழுகிறது!

உண்மையைக் காணும் வழி

கருவியின் சுருதியை அளந்து, தட்டின் சுருதியோடு ஒப்பிடுவது முதல் வழி. சீவாளியாலும் மூச்சாலும் வாசிப்பவர் சுருதியைச் சிறிது மாற்ற இயலும் என்பதால் இது தோராயமான கணக்கே. மின்முறைப் பதிவில் மின்னோட்டத்தின் முரல் பதிந்திருந்தால் அது இரண்டாவது சாட்சி. வினாடிக்கு 50ஆக இருக்க வேண்டிய முரல் 53ஆக ஒலித்தால், தட்டு 6 சதவீதம் விரைவாக ஓடியது என்று தெளியலாம்.

ஓடும் இயந்திரத்தைச் சோதிப்பது இன்னும் எளிது. வட்ட அட்டையின் விளிம்பில் 77 கறுப்புக் கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து தட்டின் மேல் வையுங்கள். 50 சுற்று மாறுமின்னோட்டத்தில் எரியும் பழைய குமிழ் விளக்கு வினாடிக்கு 100 முறை மின்னும். 6000ஐ 77ஆல் வகுத்தால் 77.92. அந்த வேகத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். முன்னோக்கி நகர்ந்தால் வேகம் மிகுதி, பின்னோக்கி நகர்ந்தால் குறைவு.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ பழைய இசைத்தட்டுகள் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். கணிப்பொறிக்கு மாற்றும்போது தட்டு ஓடிய வேகத்தையும் குறித்து வையுங்கள். அந்த ஒரு குறிப்பு இருந்தால், பின்னால் வருபவர்கள் இயந்திரத்தின் பிழையைக் கலைஞரின் தலையில் சுமத்தமாட்டார்கள்.