பல கவுண்டிகளுக்குப் பொதுவான கிராண்ட் ஜூரி: பென்சில்வேனியாவின் ஏற்பாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பென்சில்வேனியா மாநிலம், மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளான 67 கவுண்டிகளாகப் பிரிந்து கிடப்பது. கிரிமினல் வழக்கு தொடுக்கும் அதிகாரியும் அதை விசாரிக்கும் நியாயஸ்தலமும் பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டிக்கே உரியவை. ஆகவே, ஓரிடத்தில் லஞ்சம் பெற்று, வேறோரிடத்தில் பங்கிட்டு, மற்றோரிடத்தில் கணக்கை மறைக்கும் கூட்டத்தாரின் செயலை எந்தத் தனிக் கவுண்டியும் முழுமையாக ஆராய்ந்தறிய இயலாது. இக்குறையை நீக்கும் பொருட்டு 1978ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ஸ்தாபனமே பல கவுண்டிகளுக்குப் பொதுவான புலனாய்வு கிராண்ட் ஜூரி, அதாவது குற்றத்தை ஆராயும் குடிமக்கள் சபையாகும். அதன் அதிகாரம் விசாலமானது என்பதினும், அவ்வதிகாரம் பலரிடையே பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே அதன் பிரதான சிறப்பு என்பதும், அப்பங்கீடு ஓரிடத்தில் மட்டும் குறைவுபட்டிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஒழுங்கமைந்த குற்றமோ, பொதுப்பதவியின் ஊழலோ ஒன்றுக்கு மேற்பட்ட கவுண்டிகளில் பரவியுள்ளது, தனிக் கவுண்டியின் கிராண்ட் ஜூரி அதனை விசாரிக்கப் போதாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் கருதினால், அவர் மாநிலத்தின் உச்ச நியாயஸ்தலத்துக்கு மனுச் செய்ய வேண்டும். 10 நாட்களுக்குள் பிறப்பிக்கப்படும் உத்தரவு, மேற்பார்வை நீதிபதி யார், எந்தெந்தக் கவுண்டிகளிலிருந்து எந்த விகிதத்தில் ஜூரர்களை எடுப்பது, எங்கே கூடுவது என்பனவற்றை நிர்ணயிக்கும். ஜூரர்கள் 23 பேர். 15 பேர் இருந்தாலன்றிக் கூட்டம் நடவாது. குற்றச்சாட்டைப் பரிந்துரைக்க முழு ஜூரியில் பெரும்பான்மையோர் இசைய வேண்டும். சாட்சிகளை வரவழைக்கவும் தஸ்தாவேஜுகளைக் கேட்டுப் பெறவும் வல்ல இச்சபை எவரையும் தண்டிப்பதில்லை. பரிந்துரை வந்தபின், அதிகார எல்லையுள்ள கவுண்டிகளுள் ஒன்றை மேற்பார்வை நீதிபதி தேர்ந்தெடுக்க, வழக்கு அங்கே பூர்வாங்க விசாரணையோடு தொடங்குகிறது. புலனாய்வு மாநிலம் முழுவதற்கும் விரிந்தாலும், தீர்ப்பு ஓர் ஊரின் மக்கள் முன்னிலையிலேயே நிகழ்கிறது.

எனினும், வழக்குத் தொடராமல் அறிக்கை மட்டும் வெளியிடும் அதிகாரமும் இந்த ஜூரிக்கு உண்டு. ஆறு கத்தோலிக்க மறைமாவட்டங்களை ஆராய்ந்த 40ஆவது ஜூரியின் அறிக்கை 2018 ஆகஸ்ட் 14 அன்று வெளியாயிற்று. 300க்கும் மேற்பட்ட குருமார்மீது பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகள், 1,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் துயரம், அவற்றை மறைக்க மேலதிகாரிகள் கையாண்ட ஒரே மாதிரியான உபாயங்கள் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காண்பதற்குக் கவுண்டி எல்லைகளைக் கடந்த கண் இன்றியமையாததாயிற்று. அவ்வாராய்ச்சி நடவாதிருந்தால் அக்குழந்தைகளுக்கு நேர்ந்த அநீதி தனித்தனித் துண்டுகளாகவே மறைந்து போயிருக்கும். ஆனால், குற்றஞ்சாட்டப்படாமலேயே பெயர் குறிக்கப்பட்ட சிலர், தம் பக்கத்தைச் சொல்லத் தக்க வாய்ப்பின்றித் தம் கீர்த்தி அழிவதாக முறையிட்டனர். மாநில அரசியலமைப்பு கீர்த்தியைப் பாதுகாப்பதால், அவர்கள் பெயர்களை நிரந்தரமாக மறைக்குமாறு 2018 டிசம்பரில் உச்ச நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது.

இதனால் பாதிக்கப்பட்டோருக்கு முழு உண்மையும் கிட்டவில்லை. பெயர் குறிக்கப்பட்டோருக்கு முறையான விசாரணையும் கிட்டவில்லை. ஜூரியின் காலம் முடிவதற்கு முன்பே, அறிக்கையில் பெயர் வரவிருப்போரை மேற்பார்வை நீதிபதி அழைத்து, சாட்சியம் அளிக்கவும் ஆதாரம் காட்டவும் அவகாசம் தருதல் கட்டாயமாக்கப்படின், பெயரை மறைக்க வேண்டிய நிர்ப்பந்தமே பெரும்பாலும் நேராது. பல கவுண்டிகளின் உண்மையை ஒரு சபையிடம் ஒப்படைக்கத் துணிந்த சட்டம், அச்சபையின் முன் நிற்கும் தனிமனிதனுக்குப் பேசும் உரிமையையும் அவ்வளவு உறுதியாக அளிக்கக் கடமைப்பட்டுள்ளது.