293,318,625,600

293,318,625,600 (29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600) ஓர் உயர் பகு எண். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட முழு எண்ணே உயர் பகு எண் எனப்படும். 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. ஆகவே 12 அவ்வகையைச் சேர்ந்தது. சீனிவாச இராமானுஜன் 1915-இல் வெளியிட்ட பட்டியலில் விடுபட்டுப்போனதால் 293,318,625,600 கணித வரலாற்றில் தனியிடம் பெற்றது.

இயல்புகள்

இதன் பகாக் காரணிப் பிரிப்பு:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. உயர் பகு எண்களின் வரிசையில் இதற்கு முந்தையது 240,940,299,600. அதற்கு 4800 காரணிகள். அடுத்தது 321,253,732,800, அதற்கு 5376.

வரலாறு

‘உயர் பகு எண்’ என்ற கருத்துக்குப் பெயரிட்டு முறையான கோட்பாடு கண்டவர் இராமானுஜன். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் இதுபற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். இத்தகைய எண்ணில் பகா எண்கள் 2-இலிருந்து இடைவெளியின்றித் தொடர வேண்டும்; அடுக்குகள் போகப்போக ஏறக்கூடாது; 4, 36 நீங்கலாகக் கடைசி அடுக்கு 1 ஆகவே இருக்கும் என்று அதில் நிறுவினார். இந்த ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜில் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

கட்டுரையில் இருந்த பட்டியல், 10,080 காரணிகள் கொண்ட 6,746,328,388,800 வரை நீண்டது. 293,318,625,600 மட்டும் அதில் இடம்பெறவில்லை. பட்டியலின் அந்தக் கடைசி எண், விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு. விடுபட்ட எண்ணில் 19-உடன் நிற்கும் பகா எண் தொடர், அடுத்த பகா எண்ணான 23-ஐச் சேர்த்ததும் கடைசி எண்ணாகிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் வளர்த்த பட்டியலில் ஒரு வரி தவறியது. அவர் நிறுவிய விதிகள் அனைத்துக்கும் அந்த எண் உட்பட்டே நிற்கிறது.

தொடர்ந்த ஆய்வுகள்

1944-இல் கணிதவியலாளர்கள் அலவோக்லு, ஏர்டிஷ் இருவரும் இராமானுஜனின் இக்கோட்பாட்டை விரித்தனர். காரணிகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு மேல்வரம்பை எடுத்துக்கொண்ட கணிதவியலாளர் கீ ரொபேன், 5040-ஐவிடப் பெரிய எல்லா எண்களும் அந்த வரம்புக்குள் அடங்குவதும், பகா எண்களின் பரவல் பற்றிய நிறுவப்படாத ஊகமான ரீமான் கருதுகோள் மெய்யாவதும் ஒன்றே என 1984-இல் நிறுவினார். இராமானுஜன் கட்டுரையில் அச்சேறாமல் நின்ற பகுதியிலும் இவ்வகை வரம்புகள் ஆராயப்பட்டிருந்தன. அப்பகுதியை ரொபேனும் கணிதவியலாளர் நிக்கோலாவும் குறிப்புரையுடன் 1997-இல் வெளியிட்டனர்.