சுவெட்டன்ஹாம்: ஒரு குடிப்பெயரின் வழி

இன்றைய கிள்ளான் துறைமுகம் 1972ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே வழங்கிற்று. பிராங்க் சுவெட்டன்ஹாம் என்னும் ஆங்கில ஆட்சியாளரின் குடிப்பெயரே அது என்பதை மாணவர் அறிவர். அக்குடிப்பெயரும் ஒரு காலத்தில் ஊர்ப்பெயராக இருந்தது என்பதும், அவ்வூர்ப்பெயரினுள் வேறோர் ஆளின் பெயர் உறைகிறது என்பதும் அத்துணைப் பரவலாக அறியப்பட்டவை அல்ல.

இங்கிலாந்தின் வடமேற்கே, செஷயர் வட்டாரத்தில், காங்கிள்டன் நகருக்கு அண்மையில் சுவெட்டன்ஹாம் என்னும் சிற்றூர் இன்றும் உள்ளது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அப்பெயர் எழுத்தில் காணப்படுகிறது. அதன் பொருளை இக்கால ஆங்கிலத்தைக் கொண்டு பிரித்தறிய முயன்றால் வியர்வையும் பன்றி இறைச்சியுமே கிடைக்கும். வடமொழிப் பயிற்சியுடையார் ‘சுவேதம்’ என்னும் சொல்லை நினைந்து, வெள்ளையர் ஊர் என்று பொருளுரைக்கவும் கூடும். ஒலி ஒப்புமை ஒன்றனையே பற்றிக்கொண்டு உலகச் சொற்களுக்கெல்லாம் வேர் காட்டுவோர் நம்மிடையே குறைவிலர். ஆகவே இதனைச் சற்று நின்று நோக்குவது தகும்.

பழைய ஆங்கிலத்தில் ‘சுவேட்டா’ என்பது ஓர் ஆண்மகன் பெயர். ‘இனிய’ என்னும் பொருளுடைய சொல்லோடு தொடர்புடையது; நம் வழக்கில் இனியன் எனலாம். அவ்வகைப் பெயர்கள் ஆறாம் வேற்றுமையில் ‘அன்’ என்னும் ஈறு பெறும். எனவே ‘சுவேட்டன்’ என்பது ‘சுவேட்டாவினது’ எனப் பொருள்படும். இடையில் நிற்கும் னகரம் ஒலி அழகுக்காக வந்ததன்று. உருபின் எச்சமே அது. இறுதியிலுள்ள ‘ஹாம்’, மனை அல்லது குடியிருப்பு எனப் பொருள்படும். இன்றைய ஆங்கிலத்தின் ‘ஹோம்’ அதன் வழி வந்ததே. ஆற்று வளைவு நிலத்தையும் அடைப்பு நிலத்தையும் குறித்த ‘ஹம்ம்’ என்னும் வேறொரு சொல்லும் பிற்கால எழுத்தில் இதே வடிவை அடைந்தது. ஆதலால் இரண்டனுள் ஒன்றை முடிந்த முடிபாகக் கூறுதல் இயலாது. எவ்வாறாயினும் அது ஓர் இனியனின் இடம்.

இனி, வடமொழிச் ‘சுவேதம்’ என்பதற்கு உண்மையான ஆங்கில உறவு ‘ஒயிட்’ என்னும் சொல்லே. ‘சுவீட்’ என்பதற்கு உறவாவது ‘சுவாது’. ஒன்றுபோல் ஒலிப்பவை உறவற்றும், வேறுபோல் ஒலிப்பவை உறவுற்றும் நிற்பதை மாணவர்க்குக் காட்ட இதனினும் நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

நார்மானியர் வெற்றியின் பின்னரே ஆங்கிலேயரிடையே குடிப்பெயர்கள் படிப்படியாக நிலைபெற்றன. நிலமுடையோர் தம் ஊரின் பெயரைத் தாங்கினர். ஏனையோர்க்கோ, பெரும்பாலும் ஊரைவிட்டு நீங்கிய பிறகே அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரார் அனைவரும் அவ்வூரினரே ஆதலின், உள்ளூரில் அப்பெயரால் ஒருவரை வேறுபடுத்த இயலாதன்றோ? தொடக்கத்தில் ‘இன்ன ஊரைச் சார்ந்த’ எனக் குறித்த இடைச்சொல் காலப்போக்கில் உதிர, ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சி மக்கட்கு இறங்கிற்று. பிராங்க் சுவெட்டன்ஹாமும் 1850இல் பிறந்தது அச்சிற்றூரில் அன்று. டார்பிஷயரில் உள்ள பெல்பர் என்னும் ஊரில்.

அவர் 1896இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டானார். 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அது சதுப்பு நிலம். திறந்த சின்னாட்களிலேயே மலேரியா கடுமையாகப் பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமோ என்னும் நிலை வந்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் நீரை வடித்து, காட்டைத் திருத்திய பின்னரே நோய் தணிந்தது. பின்னாளில் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் கரையிறங்கிய இரு பெரும் துறைகளுள் இதுவும் ஒன்று, மற்றையது பினாங்கு. ‘இனியன் மனை’ என்னும் பொருள் ஆங்கிலேயர்க்கே மறந்துபோயிருந்தது. கப்பலில் வந்திறங்கியவர்க்கு அப்பெயர், தோட்டத்துக்கு அனுப்பப்படும் முன் அடைத்துவைக்கப்பட்ட தொற்றுத்தடை முகாமையே குறித்தது. சொற்பிறப்பு நூல்கள் முதற்பொருளை மட்டுமே பதிவு செய்கின்றன. இரண்டாவதனையும் பதிவு செய்வது நம் கடன் எனக் கருதுகிறோம்.

1972இல் துறைமுகத்தின் பெயர் மாறிற்று. பினாங்கின் படகுத்துறை ஒன்று இன்றும் சுவெட்டன்ஹாம் என்றே வழங்குகிறது.