அத்தரும் அதன் ஊரும்

அத்தர் என்று தமிழில் எழுதும்போது இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. அத்தன் என்பதை மரியாதையோடு சொன்னால் அத்தர். தந்தை, தலைவன் என்று பொருள். தேவாரம் பாடியவர்கள் சிவனை அப்படித்தான் அழைத்தார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்று கூப்பிடுவதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். இன்னொரு அத்தர், பெருநாள் தொழுகைக்குக் கிளம்புகிறவர் பஞ்சில் தொட்டுக் காதுமடலில் செருகிக்கொள்வது. இது அரபியிலிருந்து வந்தது. முன்னதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அரபியில் 'இத்ர்' என்றால் நறுமணம். அதை விற்பவர் 'அத்தார்'. பழைய அரபு, பாரசீகக் கடைத்தெருக்களில் அத்தார் வாசனையோடு மருந்துச் சரக்கும் மசாலாவும் விற்றார். பறவைகளின் பயணத்தைக் காவியமாக்கிய நிஷாப்பூர்க் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தாருக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் அத்தார் இன்றும் குடும்பப் பெயர். இதற்கு நேரான இந்தியச் சொல் நமக்கு மிகவும் பழகியது: காந்தி. கந்தம் என்றால் மணம்; மணப்பொருள் விற்பவர் காந்தி. குஜராத்தியில் அது மளிகைக்காரரைக் குறிக்கும் சொல்லாக விரிந்தது. இந்தியில் 'கந்தீ' இன்னமும் அத்தர் வியாபாரிதான்.

பாரசீகத்தில் 'அத்ர்', இந்தியில் 'இத்ர்', தமிழில் அத்தர். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து நின்று சொல் முடிவது தமிழ் நாவுக்கு ஒவ்வாது. 'கப்ர்' நம்மிடம் கபர் ஆனதைப்போல இதுவும் இடையில் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டது.

சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே மணம் இங்கே இருந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவியின் கூந்தல் நீராட்டுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் கணக்குப் போட்டுச் சொல்லப்படுகின்றன. விரை என்றால் நறுமணம். அழகான சொல், வழக்கிலிருந்து நழுவவிட்டோம். சாந்து, புனுகு, அகில் எல்லாம் உண்டு. கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர், பனிநீர் என்பதன் திரிபு. அத்தர் இவற்றோடு புதிதாகச் சேர்த்தது ஆவியிலிருந்து பிடிக்கப்பட்ட எண்ணெய் என்ற பொருளை.

அந்தப் பொருளைப் பற்றி முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நூர் ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் பன்னீர் தயாரிக்கும்போது, சூடான பன்னீரை ஊற்றிய பாத்திரங்களின் மேல் மெல்லிய ஆடை படிவதைப் பார்த்தார். அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் சபை முழுவதும் மணந்தது. பேரரசர் அவருக்கு முத்துமாலை பரிசளித்தார். ஜஹாங்கீரின் சிற்றன்னை சலீமா சுல்தான் பேகம் அதற்கு 'இத்ர்-இ-ஜஹாங்கீரி' என்று பெயர் வைத்தார். மக்கள் பேச்சில் இந்தப் பெருமை மகள் நூர் ஜஹானுக்குப் போய்விட்டது. தாய்க்குச் சேரவேண்டியதைத் தாய்க்கே கொடுப்பது நியாயம்.

இந்தச் சொல்லைத் தொழிலாக்கி வைத்திருக்கும் ஊர் கன்னௌஜ். உத்தரப் பிரதேசத்தில் கான்பூரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர், கங்கைச் சமவெளி. பழைய பெயர் கன்யாகுப்ஜம். வாயுவின் சினத்தால் கூனிகளான நூறு இளவரசிகளின் கதையோடு ராமாயணத்தின் பாலகாண்டம் அந்தப் பெயரை இணைக்கிறது. நம் வரலாற்றுப் புத்தகங்களில் கன்னோசி என்று படித்தது இதைத்தான். 606 முதல் 647 வரை ஆண்ட ஹர்ஷரின் தலைநகர்; யுவான் சுவாங் வந்த நகர்; பின்னர் பாலர், பிரதிஹாரர், ராஷ்டிரகூடர் என மூன்று அரசுகள் அடித்துக்கொண்ட இடம். இன்று அது ஒரு சிறிய மாவட்டத் தலைநகர். கங்கையும் ஊரைவிட்டுச் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. அரசியலும் ஆறும் கைவிட்ட பிறகும் ஊரைத் தாங்கி நிற்பது அத்தர் வடிக்கும் செம்பு அண்டாக்கள்தான்.

அந்த அண்டாக்கள் இருக்கும் பட்டறையின் சொற்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். அண்டாவுக்குப் பெயர் 'தேக்', பாரசீகச் சொல். அதன் சிறிய வடிவம் 'தேக்சா'. பிரியாணி சமைக்க நம்மூரில் அடுப்பில் ஏற்றுகிறோமே, அதே தேக்சாதான். தேக்கில் பூவும் தண்ணீரும் இட்டு, 'சர்போஷ்' என்ற மூடியைப் பொருத்தி, விளிம்பைக் களிமண்ணால் அடைக்கிறார்கள். மூடியிலிருந்து கயிறு சுற்றிய மூங்கில் குழாய் ஒன்று இறங்குகிறது, அது 'சோங்கா'. குழாயின் மறுமுனை நீண்ட கழுத்துள்ள செம்புக் குடத்துக்குள் போகும். அந்தக் குடம் 'பப்கா'. இந்தியில் 'பாப்' என்றால் ஆவி. சமஸ்கிருத 'பாஷ்பம்' அதன் மூலம். பாஷ்பத்துக்கு நீராவி என்றும் கண்ணீர் என்றும் இரண்டு பொருள் உண்டு. பப்கா தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்து குளிர்ந்திருக்கும். அதனுள்ளே காத்திருப்பது சந்தன எண்ணெய்.

தொழிலின் உயிர் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அடியில் விறகும் வறட்டியும் எரிய, பூவின் மணத்தைச் சுமந்த ஆவி மூங்கில் வழியே இறங்கி, குளிர்ந்து, சந்தன எண்ணெய்க்குள் அடங்குகிறது. வெப்பமானி கிடையாது. பப்காவின் மேல் கைவைத்துப் பார்த்தும், தேக்குக்குள் எழும் சத்தத்தைக் கேட்டும் தீயைக் கூட்டிக் குறைக்கிறார் தொழிலாளி. தேவைப்பட்டால் ஈரத்துணியால் தேக்கைத் துடைத்து ஆவியை அடக்குகிறார். பப்காவில் கீழே தங்கிய நீரை வடித்துத் திரும்பவும் தேக்கில் ஊற்றுகிறார். மறுநாள் புதுப் பூ. எண்ணெய் இனித் தாங்காது என்னும் அளவுக்கு மணம் ஏறும்வரை பல நாட்கள் இதே வேலை நடக்கும். கடைசியில் தோல் குப்பியில் அடைத்து வெயிலில் வைத்தால், எஞ்சிய ஈரம் தோலின் வழியே போய்விடும். குப்பி என்பது அவர்களிடமும் குப்பிதான்.

சந்தனம் சேராமல் பூவிலிருந்தோ வேரிலிருந்தோ மட்டும் எடுத்த எண்ணெயைக் கன்னௌஜில் 'ரூஹ்' என்பார்கள். உயிர் என்று பொருள். ரோஜாவின் ரூஹ், வெட்டிவேரின் ரூஹ் என்று தனித்தனியே உண்டு. செம்பில் வடிப்பதால் வெட்டிவேர் எண்ணெய் பச்சை நிறம் ஏறி வரும். இந்தக் கணக்கில் அஸ்மத் பேகம் சேகரித்தது ரூஹ். அதற்கு வைத்த பெயரோ இத்ர். பொதுவாக மணத்தைக் குறித்த அரபுச் சொல், கங்கைக்கரைப் பட்டறையில் சந்தனம் ஏந்திய மணம் என்று சுருங்கித் துல்லியப்பட்டது. அச்சொல்லின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம் என்று கருதுகிறேன்.

மல்லிகை, மகிழம், மருதாணிப் பூ, தாழை எல்லாம் தேக்குக்குள் போகின்றன. எல்லாவற்றிலும் வியப்பானது மண் அத்தர். கோடையில், மழைக்கு முன்பு, வண்டல் களிமண்ணைத் தட்டிச் சூளையில் சுட்டு, அந்த ஓடுகளைத் தண்ணீரோடு காய்ச்சினால் முதல் மழையின் மண்வாசனை சந்தன எண்ணெயில் இறங்குகிறது. 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த வாசனைக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயரிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உத்தரப் பிரதேசத்தில் இதை முன்பே எண்ணெயாகப் பிடித்து விற்கிறார்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டார்கள். விஞ்ஞானம் பெயர் வைத்தபோது பொருள் ஏற்கெனவே கடையில் இருந்தது.

இந்த மணங்களை ஏந்திய சந்தனம் தெற்கிலிருந்து போனது: மைசூர்க் காடுகள், நம் ஜவ்வாது மலை, திருப்பத்தூர்க் கிடங்கு. மரம் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. வெட்டும் கடத்தலும் காட்டை வற்றவைத்தன. விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2001-இல் கர்நாடகமும் 2002-இல் தமிழ்நாடும் தனியார் சந்தனம் வளர்க்கும் விதிகளைத் தளர்த்தின. ஆனால் சந்தனம் வயிரம் பாய்வதற்கு ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் கன்னௌஜின் பல பட்டறைகளில் சந்தனத்தின் இடத்தில் திரவ பாரஃபினும் தாலேட் வகைக் கரைப்பான்களும் புகுந்துவிட்டன. சரக்கைப் பெருமளவில் வாங்குவது பான் மசாலா, புகையிலைத் தொழில். தோலில் நாள் முழுக்க நிற்க வேண்டும் என்று உருவான ஒன்று வாயில் மென்று துப்பப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஊருக்குச் சோறு போடுவது அதுதான் என்பதையும் மறைக்க முடியாது.

1991-இல் மத்திய அரசின் வாசனை, சுவைப்பொருள் மேம்பாட்டு மையம் கன்னௌஜில் தொடங்கப்பட்டது. 2014-இல் கன்னௌஜ் வாசனைத் திரவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். அத்தர் என்ற சொல்லுக்குள் இருக்கும் பொருளைக் காக்க வாங்குகிறவர்களும் வேண்டும். அதனால் அடுத்த முறை அத்தர் வாங்கும்போது, என்ன பூ என்று மட்டும் கேட்காதீர்கள். அடி எண்ணெய் என்ன என்று கேளுங்கள். சந்தனம் என்று பதில் வந்தால் உரிய விலையைக் கொடுங்கள். வேறு எதுவானாலும் அதை சென்ட் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.